முன்சக்கரத்துத் திருநீறு

விஜயதசமி. காலை எட்டே கால்.

ஜீப் வலப்பக்கமாகச் சாய்ந்து, பாறையில் முதுகைக் கொடுத்துக் கிடந்தது. இடப்பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் வானத்தைப் பார்த்தபடி இருந்தன. முந்தின நாள் ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்தி மாலை பானட்டில் இன்னும் வாடவில்லை. ஓட்டி வந்த பாலசுப்பிரமணியனுக்கு இருபத்தேழு வயது. ஸ்டியரிங்குக்கும் பாறைக்கும் நடுவில் அவன் தூங்குகிறவன் மாதிரிதான் இருந்தான். மூச்சு மட்டும் இல்லை.

பாபநாசத்துக்கு மேலே, இப்போது யாரும் போகாத பழைய எஸ்டேட் பாதை அது. பின்னால் தன் வண்டியில் வந்த நண்பன் ஜெர்வின்தான் முதலில் பார்த்தான். பாதை ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அப்புறம்தான் போன் நினைப்பு வந்தது. சிக்னல் கிடைக்க வெகுதூரம் கீழே ஓட வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டர் ராஜராஜேஸ்வரி வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கூடவே ஏட்டு மாரிக்கண்ணு.

"இதென்ன மேடம், ஜீப்பா யானையா? ஏறி உக்கார ஏணி வேணும் போலிருக்கே!"

நியாயமான கேள்விதான். பழைய ராணுவ ஜீப், ஏலத்தில் எடுத்தது. அடியில் இருந்த ஸ்பிரிங் பட்டைகளையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றி, வண்டியின் உடம்பை நாலு அங்குலம் மேலே தூக்கியிருந்தார்கள். சக்கரங்கள் இடுப்புக்கு வந்தன. 'லிஃப்ட் கிட்' என்று அதற்குப் பெயர். ஆற்று மணல், தேரிக்காட்டுச் செம்மண், சேறு, பாறை என்று எது வந்தாலும் ஏறி இறங்க வேண்டுமாம். அரசாங்கம் தார் ரோடு போட்டுக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளுக்கு ரோடு இல்லாத இடம்தான் வேண்டும். என்னத்தைச் சொல்ல!

ராஜராஜேஸ்வரி பாதையிலேயே மேலே நடந்து போய்ப் பார்த்தார். இறக்கத்தின் தொடக்கத்தில், இடப்பக்கமாக, ஆழமான ஒரு குழி. அதுவரை பாதை சுத்தமாக இருந்தது. குழிக்கு அப்புறம் எண்ணெய் சொட்டிய தடம்.

"குழி வரைக்கும் பிரேக் இருந்திருக்கு மாரிக்கண்ணு. குழியில எறங்குனதும் போயிருக்கு."

கீழே வந்து வண்டியின் அடிப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். இடது முன் சக்கரத்துக்கு உள்பக்கம், பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் ஹோஸ் அறுந்து தொங்கியது. பழசு இற்றுப்போய் அறுந்தது என்று சொல்ல வழியில்லை. புத்தம் புதுசு. கம்பெனி முத்திரைகூட அழியவில்லை.

நண்பகல்.

சாவுச் செய்தி சொல்லப் போவதுதான் போலீஸ் வேலையிலேயே கேவலமான வேலை என்று ராஜராஜேஸ்வரி நினைப்பது உண்டு. அன்றைக்கும் நினைத்தார்.

அம்பாசமுத்திரத்தில் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கம் வீடு. பாலுவின் அப்பா நெல்லையப்பன் அரசு பஸ் டிப்போவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்தார். கொட்டகைச் சுவர் முழுக்க வரிசையாக ஆணி. தேய்ந்த பிரேக் கட்டை, மோட்டார் பம்பின் வாசர், அறுந்த சைக்கிள் செயின், நீல நூல் தொங்கும் ஒரு கறுப்பு ரப்பர் குழாய், உடைந்த மின்விசிறி ரெகுலேட்டர் என்று ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கழித்த சாமான்.

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார். "டிப்போ பழக்கம்மா. பழைய சாமானைக் காட்டுனாத்தான் ஸ்டோர்ல புதுச் சாமான் குடுப்பாவ. கழத்துனதைத் தூக்கிப்போட இன்னும் கை வர மாட்டேங்கு. நீங்க என்ன விஷயமா...?"

சொன்னார். பைய, நின்று நின்று சொன்னார். எப்படிச் சொன்னாலும் அது ஒரே செய்திதான்.

நெல்லையப்பன் அழவில்லை. "பிரேக்கா?" என்றார்.

"ஆமாய்யா."

"முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால. இடது சக்கரம்."

கையில் இருந்த ஸ்பானர் கீழே விழுந்தது. அவரும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வாசலில் பாலுவின் அம்மா பார்வதியம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. புருஷனையே பார்த்தார். அப்புறம்தான் அந்த வீட்டில் அழுகை எழுந்தது.

இரண்டு நாள் கழித்து வாகன ஆய்வாளரின் அறிக்கை வந்தது. விஷயம் சின்னது. வண்டியை மேலே தூக்கினால் உடம்புக்கும் சக்கரத்துக்கும் இடையே தூரம் கூடிவிடும். நடுவில் போகும் ஹோஸும் நீளமாக இருக்க வேண்டும். இதில் மாட்டியிருந்தது தூக்காத வண்டிக்கான குட்டை ஹோஸ். சமதரையில் எட்டும். சக்கரம் குழியில் இறங்கித் தொங்கினால் இழுபட்டு அறுந்துவிடும். பழைய வண்டியில் பிரேக் எண்ணெய்க்கு ஒரே வழி. ஒரு இடத்தில் அறுந்தால் நாலு சக்கரமும் கைவிட்டுவிடும்.

வண்டியைத் தூக்கிக் கொடுத்தவன் டைட்டஸ். கடற்கரை ஊர்க்காரன், பாளையங்கோட்டைக்கு வெளியே ஒர்க் ஷாப் வைத்திருப்பவன். பூஜைக்கு முந்தின வாரம் அவனும் பாலுவும் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டதை அந்தத் தெருவே பார்த்தது.

அறிக்கையைப் படித்த கையோடு நெல்லையப்பன் ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தார். டைட்டஸ் பகையை மனதில் வைத்து, வேண்டுமென்றே குட்டை ஹோஸ் மாட்டி என் மகனைக் கொன்றான். கையெழுத்துப் போடும்போது அவர் விரல் நடுங்கியது. பெற்ற மனசு, நடுங்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அன்று இரவே டைட்டஸைப் பிடித்து வந்தார்கள்.

மறுநாள் காலை, ஒன்பது மணி.

"சாயங்காலம் நாலு மணிக்கு அவனைக் கோர்ட்டுல ஆஜர்படுத்தணும். கொலைக் கேஸ். இன்னும் என்ன யோசனை?" டி.எஸ்.பி. போனை வைத்துவிட்டார்.

ஸ்டேஷன் வாசலில் டைட்டஸின் மனைவி ஃபிளோரா உட்கார்ந்திருந்தாள். நிறைமாதம். பக்கத்தில் அவளுடைய தம்பி. அவன் வேறு யாருமில்லை, மலைமேல் பிணத்தை முதலில் பார்த்த அதே ஜெர்வின்தான்.

"யக்கா, அவரு ராத்திரியில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல" என்றாள் ஃபிளோரா. "அவரு கோவக்காரருதான். நான் இல்லங்கல. ஆனா கையில ஸ்பானரைப் பிடிச்சா அவரு வேற ஆளு யக்கா. உள்ள போயிட்டாருன்னா என் பிள்ள அப்பன் மொகத்தை எப்பப் பாக்கும்?"

ராஜராஜேஸ்வரி அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

டைட்டஸ் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

"சண்டை எதுக்கு?"

"இன்னும் ரெண்டு அங்குலம் தூக்கணும்னான் மேடம். தூக்குனா வளைவுல கவுந்துரும்னேன். கேக்கல. 'இந்த வண்டியிலதாம்லே நீ சாவப் போற'ன்னு கத்திட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணா டீ குடிச்சோம்."

"ஹோஸ்?"

"அளவு குடுத்து நீளமா அடிச்சு வாங்கி மாட்டுனேன். ஜங்ஷன்ல பைப் கடையில கேளுங்க."

"கேட்டாச்சு. நீ வாங்குனது நெசம். மாட்டுனியாங்கதுதான் கேள்வி."

"மாட்டுனேன் மேடம். டயர்ல உரசாம இருக்கணும்னு வலை நூல் வெச்சு சேசிஸ் சட்டத்தோட கட்டுனேன். எங்கப்பா வலைக்காரரு. எனக்கு அந்த முடிச்சுதான் வரும். பெறகு ஒரு சக்கரத்தை மட்டும் கல்லு மேல ஏத்தி, மத்ததைத் தொங்கவிட்டுப் பாத்தோம். குட்டை ஹோஸா இருந்தா அங்கனயே அறுந்திருக்கும்."

"பாத்த சாட்சி?"

"பாலு பாத்தான். ஜெர்வின் பாத்தான்."

ஒருவன் செத்துப்போனவன். இன்னொருவன் மச்சினன். எந்தக் கோர்ட்டு நம்பும்?

டைட்டஸ் தலையைத் தூக்கினான். கண் இரண்டும் வீங்கியிருந்தன. "மேடம், மாட்டுனேன்னுதான் நெனைக்கேன். ஆனா ராத்திரி பூரா யோசிச்சு யோசிச்சு இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. பூஜை நேரம், கடையில அம்புட்டு வண்டி நின்னுச்சு. வாங்குனதை மறந்துட்டு வேற எதையாச்சும் மாட்டித் தொலைச்சிட்டனோ? அவனை நான்தான் கொன்னுட்டனோ மேடம்?"

கொலைகாரன் இப்படிக் கேட்க மாட்டான் என்று ராஜராஜேஸ்வரிக்குத் தோன்றியது. தோன்றி என்ன பிரயோசனம்? தோன்றுவதை எல்லாம் நீதிபதியிடம் கொடுக்க முடியாது.

பதினோரு மணி. ஸ்டேஷன் பின்புறம்.

கிரேன் வைத்துத் தூக்கி வந்த ஜீப் வேப்பமரத்தடியில் தார்ப்பாய்க்குள் நின்றது. மாரிக்கண்ணு பாயை விலக்கினார்.

"எனக்கு அந்த ஜெர்வின் பய மேலதான் கண்ணு மேடம். கூடவே போனவன். மலையில வெச்சு மாத்தியிருப்பான்."

"அக்கா புருஷன் தலையில கொலைப்பழி விழுந்துகிட்டிருக்கு. மாத்துனவன் கம்முனு இருப்பானா? சும்மா இரும் வே."

இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். சேசிஸ் கம்பியில் நகக்கண் அளவு நீல நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. முனை பிய்ந்த முனை இல்லை. கத்தி பட்ட முனை. ஆக, டைட்டஸ் ஏதோ கட்டியது உண்மை. யாரோ அறுத்ததும் உண்மை.

எழுந்தவர் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். நாலு சக்கரத்து நட்டுகளிலும் பூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. மூன்று சக்கரங்களில் வைத்தது வைத்தபடி இருந்தது. இடது முன் சக்கரத்தில் மட்டும் நட்டுகளின் ஓரமெல்லாம் சந்தனம் பெயர்ந்து போயிருந்தது. அதன்மேல் ஒவ்வொரு நட்டிலும் வெள்ளையாக ஒரு கோடு.

"இது என்ன வே?"

"திருநீறு மேடம். இது தெரியாதாக்கும்? பட்டர் பூசியிருப்பாரு. முத நாளே பாத்தமே."

முதல் நாளே பார்த்ததுதான். எல்லாரும் பார்த்தார்கள், வாகன ஆய்வாளர் உட்பட. மாலை போட்ட வண்டியில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் திருநீறு என்றுதான் நம் புத்திக்குப் படும். ராஜராஜேஸ்வரியும் தினமும் நெற்றியில் திருநீறு வைப்பவர்தான். அதனால்தானோ என்னவோ இப்போது உறுத்தியது. திருநீறு என்றால் மூன்று விரலால் பூசுவது. இது ஒற்றைக் கோடு.

பன்னிரண்டு மணிக்குக் கோயிலில் நடை சாத்தப் போகிற பட்டரைப் பிடித்தார்கள்.

"நெல்லையப்பன் பிள்ளை மகன் வண்டிதானே? நான்தான் பூஜை போட்டேன். பானட்டுக்குத் திருநீறு, மூணு பட்டை. சக்கரத்துக்குச் சந்தனம் குங்குமம்."

"சக்கரத்துல திருநீறு?"

பட்டர் முகத்தைச் சுளித்தார். "நல்லாருக்கே! சாணியிலயும் சகதியிலயும் உருளுத சக்கரத்துல போய்த் திருநீறு பூசுவாங்களா? நெத்தியில வைக்கிற வஸ்து இல்லையா அது?"

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது ராஜராஜேஸ்வரி சொன்னார். "பூஜைக்குப் பெறகு அந்தச் சக்கரத்தை யாரோ கழத்தி மாட்டியிருக்காவ மாரிக்கண்ணு. பட்டர் பூசுன சந்தனம் அதுலதான் பேந்திருக்கு. அந்த நேரம் வண்டி டைட்டஸ்ட்ட இல்ல."

"அப்ப அந்த வெள்ளை?"

"அதுதான் தெரியல."

ஒரு மணி. அம்பாசமுத்திரம் பஸ் நிலையம்.

பசி. டீக்கடையில் ஆளுக்கு ஒரு வடையோடு நின்றார்கள். எதிரே திருநெல்வேலி பஸ் ஒன்று சக்கரம் மாற்றிக்கொண்டிருந்தது. காக்கி அரைக்கைச் சட்டை போட்ட மெக்கானிக் நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். இறுக்கி முடித்ததும் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து ஒவ்வொரு நட்டின் மேலும் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

ராஜராஜேஸ்வரி டீயை வைத்துவிட்டுப் போய் விசாரித்தார்.

"இறுக்கியாச்சுன்னு அடையாளம் மேடம். நட்டு நெகிழ்ந்தா கோடு விலகிரும். டிப்போக்காரன் நட்டை இறுக்குனா கோடு போடாம எந்திரிக்க மாட்டான்" என்று சிரித்தார் மெக்கானிக்.

திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்து மாரிக்கண்ணு வடையைக் கடிப்பதை நிறுத்தினார்.

"என்ன மேடம், ஆளு தெரிஞ்சுட்டா?"

"தெரிஞ்சுது" என்றார் ராஜராஜேஸ்வரி. "தெரியாமலே போயிருக்கலாம்."

அவர் கண்முன்னே நின்றது ஒரு தகரக் கொட்டகைச் சுவர். வரிசையாக ஆணி. ஒன்றில் நீல நூல் தொங்கும் கறுப்பு ரப்பர் குழாய்.

ஆனால் ஒரு ஆணியும் ஒரு கோடும் போதாது. அந்தக் கொட்டகைக்காரர் தன் வாயாலோ கையாலோ ஒப்புக்கொள்ள வேண்டும். மகனைப் பறிகொடுத்து நிற்கும் மனிதரிடம் போய் அதை எப்படிக் கேட்பது? கேட்காவிட்டால் நாலு மணிக்கு டைட்டஸ் ஜெயிலுக்குப் போவான். வயிற்றுப் பிள்ளையோடு வாசலில் உட்கார்ந்திருப்பவளிடம் அப்புறம் என்ன சொல்வது? ராஜராஜேஸ்வரி ஜீப்பை ஆற்றுப்பாலத்துப் பக்கம் விடச் சொன்னார்.

இரண்டரை மணி.

நெல்லையப்பன் கொட்டகையில்தான் இருந்தார். வெறுமனே உட்கார்ந்திருந்தார். நாலே நாளில் பத்து வயது கூடியிருந்தது. சுவரில் எல்லாம் இருந்தபடியே இருந்தன. அந்தக் குழாயும் இருந்தது.

ராஜராஜேஸ்வரி ஒரு பொய் சொன்னார். அதற்காக அவர் பின்னால் எத்தனையோ நாள் தன்னையே நொந்துகொண்டார்.

"ஐயா, எங்க வண்டி முன் சக்கரம் கடகடன்னு ஆடுது. நட்டு லூஸா இருக்கும்போல. மலைப்பாதையில போற வண்டி. ஒரு கை பாத்துக் குடுக்கியளா?"

சக்கரம் ஆடுகிறது என்று சொன்னால் அந்த மனிதரால் உட்கார்ந்திருக்க முடியாது. எழுந்தார். வீல் ஸ்பானரை எடுத்தார். ஸ்டேஷன் ஜீப்பின் அருகில் மண்டியிட்டு, ஒன்று விட்டு ஒன்றாக நட்டுகளை இறுக்கினார். மாரிக்கண்ணு பக்கத்தில் நின்று பார்த்தார்.

கடைசி நட்டை இறுக்கியதும் நெல்லையப்பனின் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாக்பீஸ் வந்தது. முதல் நட்டில் ஒரு கோடு. இரண்டாவதில் ஒன்று. மூன்றாவது, நாலாவது.

ஐந்தாவது நட்டுக்கு முன்னால் கை நின்றது.

அவர் தன் கையைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"நீங்கதான்யா" என்றார் ராஜராஜேஸ்வரி. "பூஜைக்கு அப்புறம் அந்தச் சக்கரத்தைக் கழத்துனது நீங்கதான். ஹோஸை மாத்துனதும் நீங்கதான். இடது முன் சக்கரத்துல மட்டும் இதே கோடு இருக்கு. நாங்க எல்லாரும் அதைத் திருநீறுன்னு நெனைச்சோம். நீங்க கழத்துன நீள ஹோஸு அந்தா ஆணியில தொங்குது. டைட்டஸ் கட்டுன வலை நூலு அதுலயே இருக்கு."

நெல்லையப்பன் மறுக்கவில்லை. மறுக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"விடிஞ்சா மலைக்குப் போறான்னு பார்வதி சொன்னா. போய் வண்டிக்குக் கீழ பாத்தேன். கடையில அடிச்ச ஹோஸு. கம்பெனி பேரு இல்ல, ஒண்ணும் இல்ல. மீன் வலை நூல வெச்சுக் கட்டி வேற வெச்சிருக்கான். என் சர்வீஸ் பூரா பிரேக்குக்கு மட்டும் கம்பெனி சாமானைத் தவிர வேற எதையும் தொடவிட்டவன் இல்ல நான். அதனால இந்த ஜீப்புக்குன்னு முன்னமே ஒரு ஹோஸு வாங்கி வெச்சிருந்தேன், ஒரிஜினல். கெடச்சது ஒண்ணுதான்னு இடது பக்கம் மட்டும் மாட்டுனேன். நல்லாத்தான் எட்டுச்சு."

"பாலுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா."

"பேச்சு இல்லையேம்மா. அந்தப் பெரிய டயரைப் போட்டுட்டு வந்த அன்னைக்கு, 'இந்த வண்டி இந்த வீட்டுல நிக்கிற மட்டும் நான் ஒன்கூடப் பேச மாட்டேன்'னுட்டேன். ஆறு மாசமாப் பேசல. போகாதன்னு சொல்ல வாயில்ல. அதான் நல்ல ஹோஸா மாட்டி விட்டேன்." உதட்டைக் கடித்துக்கொண்டார். "பஸ்ஸு சக்கரம் தரையை விட்டுத் தொங்காதும்மா. நான் பஸ்ஸு மட்டுமே பாத்தவன்."

"அறிக்கையைப் படிச்சப்பவே தெரிஞ்சிருக்கும்."

"நீங்க இடது சக்கரம்னு சொன்னப்பவே தெரியும்."

"பெறகு எதுக்கு அந்தப் பையன் மேல புகார் குடுத்திய?"

அவர் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ கேட்டாம்மா. 'எம்பிள்ளைய யாரு கொன்னா'ன்னு கேட்டா. நான்தான்னு எப்படிச் சொல்லுவேன்? வாயில அவன் பேருதான் வந்துச்சு. வந்ததை அப்படியே எழுதிக் குடுத்துட்டேன். நான் ஸ்டேஷனுக்கு வாறேன், எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுதேன். அவளுக்கு மட்டும் தெரியவேண்டாம். ஒங்க கால்ல விழுதேன்."

"எனக்குத் தெரியாதா?"

பார்வதியம்மாள் எப்போது கொட்டகைக்கு வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. தலை கலைந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு விடியக்காலம் டார்ச் பிடிச்சது யாரு? நான்தானே! 'கொஞ்சம் சாச்சுப் பிடி'ன்னு சொன்னியளே, மறந்துபோச்சா? இவங்க இடது சக்கரம்னு சொன்னதும் எனக்கு வெளங்கிட்டு. நீங்களே சொல்லட்டும்னுதான் கேட்டேன். சொன்னா ரெண்டு பேரும் சேந்து அழுதுட்டுக் கெடக்கலாம்னு பாத்தேன். நீங்க அந்தப் பையன் பேரைச் சொன்னிய." அவர் முந்தானையை வாயில் அழுத்தினார். "நானும் வாயை மூடிக்கிட்டேன். அவனுக்கும் பெஞ்சாதி இருக்கான்னு தெரிஞ்சும் மூடிக்கிட்டேன்."

நெல்லையப்பன் மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. சக்கரத்தின் மேல் தலையைச் சாய்த்து, அன்றைக்குத்தான் முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். மாரிக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால்.

ஆணியிலிருந்து எடுத்த நீள ஹோஸை மேஜைமேல் வைத்து, ராஜராஜேஸ்வரி டி.எஸ்.பி.க்குப் போனில் நடந்ததைச் சொன்னார். மறுமுனையிலிருந்து "சரி, பையனை அனுப்புங்க" என்று மட்டும் வந்தது.

டைட்டஸ் வெளியே வந்தான். ஹோஸைப் பார்த்தான். அதில் தொங்கிய நீல முடிச்சைத் தடவினான்.

"அப்ப நான் மறக்கலையே மேடம்?"

"மறக்கல."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். ஃபிளோரா ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெல்லையப்பன், யாரும் கேட்காமலே பேசினார். "நீ போட்ட முடிச்சை என்னால அவுக்க முடியலப்பா. கத்தி வெச்சு அறுக்க வேண்டியதாப் போச்சு."

டைட்டஸுக்குக் கோபம் வரும், அடிக்கப் பாய்வான் என்று மாரிக்கண்ணு எழுந்து நின்றார். அவன் பாயவில்லை. "அறுக்குமுன்ன எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே சார்" என்றான். "ஏன் இவ்வளவு நீளமா மாட்டுனன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. பாலு இருந்திருப்பானே சார்." ஜெர்வின் வந்து அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனான்.

கவனக்குறைவால் சாவு, பொய்ப் புகார். இரண்டுக்கும் சட்டத்தில் இடம் உண்டு, ஜாமீனும் உண்டு. ராஜராஜேஸ்வரி எல்லாவற்றையும் எழுதினார். நெல்லையப்பன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை விரல் நடுங்கவில்லை.

பொழுது சாயும்போது பார்வதியம்மாள் அவரைக் கூட்டிப்போக வந்தார். அவர் முன்னே நடக்க, அம்மாள் இரண்டடி பின்னால் போனார். அந்த வீட்டில் இனி யார் முதலில் வாயைத் திறப்பார்கள் என்று ராஜராஜேஸ்வரி நினைத்துப் பார்த்தார். ஒன்றும் செய்வதற்கு இல்லை. கேஸ் முடிந்துவிட்டது.

வெளியே மாரிக்கண்ணு துணியும் ஸ்பானருமாக ஸ்டேஷன் ஜீப்பின் பக்கத்தில் குந்தியிருந்தார். சாக்பீஸ் கோடுகளைத் துடைக்கப் போனவர், எதற்கும் பார்ப்போமே என்று ஸ்பானரை வைத்து ஒவ்வொரு நட்டாக அழுத்திப் பார்த்தார்.

"மேடம்" என்று கூப்பிட்டார். "அஞ்சு நட்டும் நல்லா இறுக்கமாத்தான் இருக்கு."